சவலைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு

அந்த எரிவாயு வயலில் அவளை ஸ்கேல் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கோடு கிழித்த மாதிரிதான் பேசுவாள் என்பதால் வந்த பெயர் என்று மற்ற எல்லோருக்கும் தெரியும். பூமிக்குள் வாயு எங்கே மிச்சமிருக்கிறது, அடுத்த கிணற்றை எந்த இடத்தில் போட்டால் அது கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். நாற்பது வயதைத் தாண்டியும் தன் கணக்கின் மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தாலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

வயலுக்கு மேலாளர் அவளுடைய சொந்த அண்ணன். இதில் அவளுக்கு ஒரு சங்கடம் உண்டு. கிணறு தோண்டும் ரிக்கில் வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், சமையல்காரர் என்று அங்கே இருக்கிற அத்தனை பேரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான், ஆனாலும் அந்தச் சொல்லை ஊரோடு பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அண்ணனோ அவளை இன்னும் பாப்பா என்றுதான் அழைப்பார், அதுவும் நாலு பேர் முன்னால். கூட்டம் நடக்கும்போது "பாப்பா, அந்தப் பிரஷர் கணக்கக் காட்டு" என்பார். அப்போது ஸ்கேல் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வயலின் நிலைமை அந்த வருஷம் அவ்வளவு சரியில்லை. அடியில் இருக்கும் பாறை மகா இறுக்கம். உள்ளே வாயு நிறைய இருக்கிறது, ஆனால் கருமியின் மூடின கை மாதிரி லேசில் விடாது. கிணறு தோண்டினால் மட்டும் போதாது. தண்ணீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் உள்ளே தள்ளிப் பாறையில் விரிசல் போட வேண்டும். அந்த விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்து நிற்கும், அதன் வழியாக வாயு கசிந்து வரும். அப்படியும் விரிசலை ஒட்டி இருப்பதுதான் வருமே தவிர, கொஞ்சம் தள்ளி இருப்பது கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே பழைய கிணறுகளுக்கு இடையிடையே புதுக் கிணறுகள் போட்டால்தான் மிச்சத்தை எடுக்கலாம். சரியாக எந்த இடத்தில் என்பதில்தான் தகராறு.

தலைமை அலுவலகம் ஒரே ஒரு கிணற்றுக்குத் தலையாட்டியது. அது பிடித்தால் இன்னும் ஐந்து. பிடிக்காவிட்டால் வயலை மூடிவிட்டு ஆட்களை நாலா பக்கமும் தூக்கி அடித்துவிடுவார்கள். ரிக் வேறு இரவல் சாமான். வயலிலிருந்து இரண்டு இடங்கள் எழுதி அனுப்பப்பட்டன, ஒன்று அண்ணன் சொன்னது, மற்றது தங்கை சொன்னது. முடிவெடுப்பதென்றாலே தலைமை அலுவலக டைரக்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எது யாருடையது என்றுகூட அவர் பார்க்கவில்லை. "அண்ணன் தங்கச்சி ஒக்காந்து பேசி, ஏதாவது ஒரு எடத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று போனில் சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

பேச்சுவார்த்தை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. அண்ணன் இரண்டு டம்ளர்களை மேசையின் இரண்டு முனைகளிலும் வைத்தார்.

"இது ராஜா. இது ராணி."

வயலிலேயே அதிகமாக வாயு கொடுத்த இரண்டு கிணறுகளுக்கு வேலையாட்கள் வைத்த பெயர்கள் அவை. இரண்டுக்கும் நட்டநடுவில் அண்ணன் உப்பு டப்பாவை வைத்தார்.

"இங்க போடணும். நல்ல கெணறு ரெண்டுக்கு நடுவுல போட்டா நல்ல கெணறுதானே வரும்? இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?"

ஸ்கேல் மேடம் உப்பு டப்பாவை எடுத்து, நேர்க்கோட்டிலிருந்து நன்றாகப் பக்கவாட்டில் தள்ளி, அண்ணியின் தட்டுக்கு அருகில் வைத்தாள்.

"இங்க."

"அது சவலைக்குப் பக்கம்ல!" என்று அண்ணன் துள்ளி எழுந்தார்.

சவலை என்பது அங்கே இருந்த இன்னொரு கிணறு. தோண்டிய நாளிலிருந்து தேறாத பிள்ளை. ஒரு நாள் மூச்சு வரும், இரண்டு நாள் வராது. அந்தப் பக்கம் போகிற லாரிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்தமாட்டார்கள்.

"சவலைக்குப் பக்கத்துல போய் யாராவது எடம் பாப்பாங்களா பாப்பா? நம்மள பாத்து ஊரே சிரிக்கும்."

"சவலை ஏன் சவலையாச்சு? அந்தக் காலத்துல அதுக்கு ஒரே ஒரு சின்ன விரிசல் போட்டுட்டு அம்போன்னு விட்டுட்டாங்க. பாறை மேல குத்தமே இல்ல. ராஜாவுக்குக் கீழ எவ்வளவு தடிமனா மணற்பாறை இருக்கோ, அதே தடிமன் அங்கயும் இருக்கு. புள்ளைக்குச் சோறு போடாம, வளரலையேன்னு திட்டினா எப்படி?"

"சரி, அது கிடக்கட்டும். ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவுல என்ன குத்தம் கண்ட?"

"அண்ணா, ராஜாவுக்கு விரிசல் போட்ட அன்னைக்கு என்ன ஆச்சு? நீதானே ராணிகிட்ட நின்னுட்டிருந்த?"

மறக்கிற விஷயமா அது? ராஜாவுக்குள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அத்தனை தூரத்தில் சிவனே என்று இருந்த ராணி திடீரென்று தண்ணீராகக் கக்கியது. கிணறு வெட்ட பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ராணியைத் திரும்ப நடமாட வைப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்குத் தலை முதல் கால் வரை சேறும் தண்ணீருமாக வீட்டு வாசலில் வந்து நின்ற அண்ணனை அண்ணிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"அது ராணியோட கெட்ட நேரம்" என்றார் அண்ணன்.

"கெட்ட நேரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ராஜாவுக்கு ராணியவிடச் சவலைதான் கிட்டக்க இருக்கு. ஆனா சவலைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகல. ஏன்? வெறகப் பொளந்தா நார் ஓடுற பக்கம்தானே பொளக்கும்? இந்தப் பாறையும் அப்படித்தான். இங்க விரிசல் எல்லாமே ராஜாவுலேருந்து ராணிக்குப் போற அந்தக் கோட்டுலதான் ஓடும். அந்தக் கோட்டுல இருந்த வாயுவ ரெண்டும் ரெண்டு பக்கமா இத்தனை வருஷம் உறிஞ்சியாச்சு. நடுவுல போடுறது, சாப்ட்டு முடிச்ச தட்டுல மூணாவது ஆள் போய்க் கை வைக்கிற மாதிரி. பக்கவாட்டுல தள்ளிப் போனா கைபடாத பாறை, அண்ணா. உள்ள இருக்கிறது அப்படியே இருக்கு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அந்தக் குடும்பத்தின் பொதுச்சொத்து, அண்ணனுக்கும் தங்கைக்கும் அதில் சமபங்கு. அவர் அனுபவம் என்றார். அவள் கணக்கு என்றாள். உப்பு டப்பா மேசையில் இங்கும் அங்கும் ஊர்ந்தது. தட்டுகளில் சாப்பாடு ஆறிப்போனது.

"ரெண்டு பேரும் கெணறு வெட்டினது போதும்" என்றாள் அண்ணி. "அந்த டப்பாவ இப்படிக் குடுங்க. இங்க ஒருத்தி உப்பில்லாம சாப்ட்டுட்டிருக்கேன்."

டப்பா அண்ணியின் கைக்குப் போன பிறகு மேசையில் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"இருக்கிறது ஒரே கெணறு. அது வரலேன்னா, இனிமே எந்த வயல்லயும் உன்ன எடம் பாக்க விடமாட்டாங்க. தெரியுமில்ல?"

"வரும்ணா."

"வரலேன்னா?"

"வரும்."

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். சவலைக்குப் பக்கத்து இடத்தில் இரண்டு கையெழுத்தும் விழுந்தன. சமாதானமாகிப் போட்டாரா, சாப்பாடு ஆறுகிறதே என்று போட்டாரா என்று அவள் கேட்கவில்லை. தன் கணக்கு அண்ணனை மடக்கிவிட்டது என்று அவளுக்கு ஒரே மிதப்பு. கூடவே இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டாள்.

ரிக் வந்தது. தோண்டுகிற வேலை வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நடந்தது. அடியில் மணற்பாறை அவள் சொன்ன தடிமனில் இருந்தது. அவள் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாத குறைதான். பிறகு பம்பு வண்டிகள் வரிசையாக வந்து நின்று, தண்ணீரையும் மணலையும் உள்ளே தள்ளி விரிசல் போட்டுவிட்டுக் கிளம்பின. இனி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, உள்ளே போன தண்ணீரை வெளியே வரவிட வேண்டும். தண்ணீருக்குப் பின்னால் வாயு வரும். ராஜாவில் அது மறுநாளே வந்திருந்தது.

இதில் மறுநாள் தண்ணீர் வந்தது. அதற்கு மறுநாளும் தண்ணீர். அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்தான். தொட்டிகள் நிரம்ப நிரம்ப லாரிகள் வந்து எடுத்துக்கொண்டு போயின.

"மேடம், மீன் வளக்கலாமா?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார்.

"வளருங்க. பொரிக்கிறதுக்கு அடுப்பு நான் தரேன்" என்றாள் அவள்.

வாய்தான் அப்படிச் சொன்னது. காரணம் அவளுக்குத் தெரியும். ராஜாவுக்குத் தள்ளியதைப்போல இதற்கு மூன்று மடங்கு தண்ணீர் தள்ளியிருந்தார்கள். அதில் ஒரு பங்காவது வெளியேறி வழிவிட்டால்தான் வாயு வரும். கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது. ஆனால் வாயுவின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறபோது கணக்கை மட்டும் கட்டிக்கொண்டு எப்படி இருப்பது? வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் போன பிறகு வரைபடத்தை விரித்து, ராஜாவிலிருந்து ராணிக்குப் போகும் கோட்டை மறுபடி அளந்தாள். கோடு போட்ட இடத்திலேயேதான் இருந்தது.

டைரக்டரின் போன் அடுத்த வாரத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் வந்தது. தளத்தில் ஒரு தகர அறை உண்டு. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஹெல்மெட்டுகள், ஓயாமல் கடகடக்கும் ஒரு மின்விசிறி. அண்ணன் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னதான் நடக்குது அங்க? வால்வை முழுசாத் திறந்து விடுங்க. சொட்டு சொட்டா விட்டுட்டிருந்தா எப்ப வரும்?"

"சார், முழுசாத் திறந்தா தண்ணியோட மணலும் அடிச்சுட்டு வந்துடும்" என்றாள் அவள். "மணல் போச்சுன்னா விரிசல் மூடிக்கும். அப்புறம் உள்ள எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்ல."

"இருங்க மேடம். எனக்கு மொதல்ல ஒண்ணு தெரியணும். ரெண்டு எடம் எழுதி அனுப்பினீங்களே, இது யாரு புடிச்ச எடம்? நாளைக்கு மேல கேட்டா நான் ஒரு ஆளக் காட்டணும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் கையை நீட்டிப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னோடது சார். நான் புடிச்ச எடம். வால்வும் என் பொறுப்பு. வெள்ளிக்கெழமை வரைக்கும் அத யாரும் தொடக்கூடாது. அதுக்கப்புறமும் வரலேன்னா என்னத் தூக்கிடுங்க."

"உங்களயா?"

"என்னத்தான். வேற யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்."

மறுமுனையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. காட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதில் டைரக்டருக்கு நிம்மதி.

"எதுக்குப் பொய் சொன்ன?" என்று அவள் சண்டைக்குப் போனாள். "நான் புடிச்ச எடத்த நீ எப்படி ஒன்னோடதுன்னு சொல்லலாம்?"

"கத்தாத பாப்பா. போய்க் கேஜைப் பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கோபம் தணிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தணிந்ததும் விஷயம் பளிச்சென்று விளங்கியது. விளங்கியதாக அவள் நினைத்தாள். அன்றைக்கு மேசையில் சொன்னதெல்லாம் அண்ணனுக்குள் இறங்கியிருக்கிறது! கோடு, விரிசல், விறகின் நார், எல்லாம் புரிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. இல்லாவிட்டால் தலை நரைக்கும் வரை பார்த்த உத்தியோகத்தை ஒரு மனுஷர் இப்படித் தூக்கிப் பணயமாக வைப்பாரா? அண்ணனையே நம்ப வைத்த கணக்குக்குப் பாறை எம்மாத்திரம்? அவளுடைய பயம் போன இடம் தெரியவில்லை. மறுபடி நிமிர்ந்து நடந்தாள், மறுபடி எல்லோரையும் அதட்டினாள், லாரிக்காரர்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வால்வுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு அங்கேயே போயிற்று. வால்வைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் குடும்பம் உண்டு, வயல் மூடப்படுவதில் அவருக்கும் கவலை உண்டு.

"அண்ணே, கொஞ்சமே கொஞ்சம் திறந்து பாக்கலாமா? ஒரு கால் சுத்து?"

"கை வச்ச, கைய எடுத்துடுவேன். பதறாத காரியம் சிதறாது, போ."

"ஒங்களுக்காகத்தான்ணே சொல்றேன்."

"எனக்காக யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். மேடம் என்ன சொல்லியிருக்காங்களோ அதுதான்."

அவர் தன்னை மேடம் என்று சொன்னதை அவள் தூரத்திலிருந்து கேட்டாள். காது குளிர்ந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மாறியது. சீராக வந்துகொண்டிருந்தது ஒரு தடவை இருமியது. பிறகு விட்டு விட்டு இருமியது. தொட்டிக்குள் சோற்றுப் பானை கொதிப்பதுபோலக் குமிழிகள் கிளம்பின. ஆபரேட்டர் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம்!" என்று ஒரு கத்து கத்தினார். படுத்துக் கிடந்த கேஜ் முள் எழுந்து நடக்க ஆரம்பித்தது, நடந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தளத்தின் கோடியில், வரும் வாயுவை எரித்துப் பார்ப்பதற்கென்றே நிறுத்தியிருந்த உயரமான குழாயின் வாயில் தீ பற்றியது. முதலில் மஞ்சளாகத் தள்ளாடி, அப்புறம் ஒரே இரைச்சலாக நின்று எரிந்தது.

அவள் கேஜைப் படித்தாள். நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். இது உறிஞ்சிய பாறையின் அழுத்தமே இல்லை. ராஜா பிறந்த அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருந்தது. கைபடாத பாறைதான். அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன மாதிரியே இருந்தது. சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்து தீயைப் பார்த்து நின்றார். யாரோ விசிலடித்தார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் புகை என்று சமாளிக்கலாமென்றால் தீ சுத்தமாக எரிந்தது, புகையே இல்லை.

டைரக்டருக்குச் செய்தி போய், தகர அறையில் போன் அடித்தது. அண்ணனும் தங்கையும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். ஆபரேட்டரும் இன்னும் சிலரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சபாஷ்! சபாஷ்!" என்றது போன். "எனக்கு அப்பவே தெரியும். அனுபவம்னா சும்மாவா? அந்த இன்னொரு எடம், ராஜா ராணி நடுவுல, அது உங்க தங்கச்சி போட்டதுதானே? நல்ல வேளை, தப்பிச்சோம். மத்த அஞ்சையும் நீங்களே குறிச்சு அனுப்புங்க. தங்கச்சிய இங்க அனுப்பிடுங்க. பாவம், ஆபீஸ்ல ஒக்காந்து ரிப்போர்ட் எழுதட்டும்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறக்கப் போனவள் அண்ணனைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். தான் செய்தது தப்பு என்று அண்ணன் சொல்லி அவள் கேட்டதில்லை. அண்ணியும் கேட்டதில்லை. பெற்றவர்களே கேட்டதில்லை. அவர் பிடரியைத் தேய்த்துக்கொண்டு, கதவை அடைத்து நின்ற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சார், ராஜா ராணி நடுவுல போடச் சொன்னது நான்."

"என்ன?"

"அது என் எடம் சார். தப்பான எடம். இப்ப எரியுதே, இது தங்கச்சி புடிச்சது. மொத்தக் கணக்கும் அவளோடது. மிச்ச அஞ்சையும் அவதான் குறிக்கணும். எனக்கு அந்தப் படம் இன்னும் புரியல."

போனில் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப அன்னைக்கு எதுக்கு உங்களோடதுன்னு சொன்னீங்க?"

"வராதுன்னு நெனச்சேன் சார்" என்றார் அண்ணன்.

அதற்குமேல் டைரக்டர் என்ன சொன்னார் என்பது அவள் காதில் விழவே இல்லை. ஐந்து இடங்களையும் அவளே குறிக்கட்டும் என்று சொன்னதாக ஆபரேட்டர்தான் பிறகு சொன்னார். போன் அடங்கியதும் கதவில் நின்றவர்கள் மெல்ல நழுவினார்கள்.

"அப்ப நான் சொன்னத நீ நம்பவே இல்லையா?" என்றாள்.

"துளிகூட இல்ல."

"வால்வுகிட்ட நாற்காலி போட்டு ஒக்காந்தியே, அப்பகூடவா?"

"அப்பல்லாம் வேற எந்த ஊருக்கு மாத்துவாங்க, ஒங்க அண்ணிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

எவ்வளவு பெரிய அவமானம்! தான் போட்ட கோட்டில் ஒரு மில்லிமீட்டரைக்கூட இந்த மனுஷர் நம்பியிருக்கவில்லை. அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை எடுத்து மேசை நிறைய விரித்து, பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் ஹெல்மெட்டுகளை வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஒக்காருண்ணா" என்றாள். "மொதல்லேருந்து சொல்றேன். புரியிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

அண்ணன் உட்கார்ந்தார்.